சேமிப்பு இருந்தால்தான் வேலையைத் தேர்ந்தெடுக்க முடியும்

(திரையில்: விடியற்காலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை. நிறுவனப் பேருந்துகளுக்காகக் காத்து நிற்கும் தொழிலாளர்கள்.)

வணக்கம். பணத்தைச் சேமிப்பது எப்படி என்ற கேள்வியும், மனத்துக்குப் பிடித்த வேலையைத் தேடிக்கொள்வது எப்படி என்ற கேள்வியும் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்படுகின்றன. ஆனால் வடசென்னையின் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாயில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றே. நாளைக் காலை தண்டல்காரர், அதாவது தினத் தவணைக்குக் கடன் கொடுத்தவர், வாசலில் நிற்பார் என்று தெரிந்த ஒருவர், இன்று கிடைக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு, பதினைந்து நாள் காத்திருந்து நல்ல வேலைக்கான நேர்காணலுக்குப் போக மாட்டார். அவரிடம் திறமை இல்லை என்பது அதற்குக் காரணமன்று. காத்திருக்கும் நாள்களில் அடுப்பெரியப் பணம் இல்லை என்பதுதான் காரணம். ஆகவே இந்தக் காணொளியில் முதலில் கடனையும் சேமிப்பையும் பேசிவிட்டு, அதன் பிறகு வேலைக்கு வருவோம்.

(திரையில்: தண்டல் கணக்கு.)

தண்டலில் இருந்து தொடங்குவோம். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது பெரும்பாலும் 8,500 ரூபாய். மீதி 1,500 முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்படும். பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரத்தைந்நூறு ரூபாய்தானே போகிறது என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம் ஆகிறது. அடகுக் கடையில் "ரெண்டு வட்டி" என்று சொல்வது மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். "மூணு வட்டி" என்றால் 36 சதவீதம். இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தண்டல் எவ்வளவு விலை உயர்ந்த பணம் என்பது விளங்கும்.

தண்டல் வாங்குகிறவர்களைக் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. எந்தக் காகிதமும் கேட்காமல், வீட்டு வாசலுக்கே வந்து, அவசரத்துக்கு உடனே பணம் தருகிறவர் வேறு யாரும் இல்லை என்பதால்தான் வாங்குகிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகில் போகிறவருக்கு மட்டுமல்லாமல், ஐஸ் உடைப்பவருக்கும் கூடை தூக்குபவருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் அந்த நாள்களில் வருமானம் குறைகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, வலையும் படகும் பாழாகி, மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். தடைக்காலம் எப்போது வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் வரும் என்பது யாருக்கும் தெரியாது. முன்னதற்குத் திட்டமிட்டும் பின்னதற்கு முன்கூட்டியும் பணம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே தண்டல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், முதல் வேலை அதை முடிப்பதுதான். தண்டல் கட்டிக்கொண்டே ஆர்.டி. என்னும் மாதாந்தரச் சேமிப்பைப் போடுவதில் பொருளில்லை, 120 சதவீதம் கொடுத்துவிட்டு ஏழு சதவீதம்கூட வாங்காத கணக்கு அது. வீட்டில் ஒரு சவரன் நகை இருந்தால், அதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்துத் தண்டலை ஒரேயடியாக அடைத்துவிட்டு, குறைந்த வட்டியில் நகைக் கடனைத் தீர்ப்பது நல்லது. நகை வைக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் வாங்குவதைவிட, நகை சில மாதம் வங்கிப் பெட்டகத்தில் இருப்பது எவ்வளவோ மேல். அளவுக்கு மீறிய வட்டி கேட்டு மிரட்டுகிறவர்கள்மீது 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தண்டல் முடிந்த மறுநாள், அந்த நூறு ரூபாய் என்ன ஆகிறது? பெரும்பாலான வீடுகளில் அது செலவோடு செலவாகக் கரைந்துவிடுகிறது. நூறு நாள் தவறாமல் நூறு ரூபாய் எடுத்துக் கொடுக்க முடிந்த குடும்பத்துக்கு, அதே ஒழுங்கில் தனக்காக எடுத்து வைக்கவும் முடியும். நாளுக்கு நூறு என்றால் மாதம் 3,000. பதினைந்து மாதத்தில் 45,000. மாதம் பதினைந்தாயிரம் செலவாகும் வீட்டுக்கு அது மூன்று மாதச் செலவு. இந்த மூன்று மாதச் செலவுதான் நான் இன்று பேச வந்த விஷயத்தின் மையம்.

(திரையில்: அஞ்சலகச் சேமிப்புக் கணக்குப் புத்தகம்.)

இந்தப் பணத்தை எங்கே வைப்பது? கையில் இருக்கும் கைப்பேசியில் ஜிபே இணைத்திருக்கும் கணக்கில் வைக்காதீர்கள். தேநீர்க் கடையில் ஸ்கேன் செய்யும் அதே கணக்கில் இருக்கும் பணம் நிற்காது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம். அதன் வட்டி குறைவு, ஆனால் தேவைப்பட்ட நாளில் எடுக்கலாம். வங்கியில் வைத்தால், ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. மூன்று மாதச் செலவு சேர்ந்த பிறகுதான் நீண்ட காலச் சேமிப்பைத் தொடங்க வேண்டும். அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்தாண்டுக்குக் கட்டலாம். 2024-இல் அதன் வட்டி 6.7 சதவீதம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயை அப்படியே ஆர்.டி.யில் போடுகிறவர், அந்த வட்டியில் ஐந்தாண்டு முடிவில் 60,000 கட்டி ஏறத்தாழ 71,000 பெறுவார். ஓராண்டு தவறாமல் கட்டியிருந்தால், கணக்கில் உள்ளதில் பாதி வரை கடனாகவும் பெறலாம். வீட்டுக்கே வந்து பணம் வாங்கிக் கட்டும் மகளிர் முகவர்கள் பல தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுப்பதில் தவறில்லை; மாதந்தோறும் பாஸ்புக்கில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ஏலச்சீட்டு சட்டப்படியான ஏற்பாடு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்துதான் நடத்த வேண்டும், நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் தெருக்களில் நடக்கும் சீட்டுகளில் பல, தெரிந்த அக்கா நடத்துகிறார் என்ற நம்பிக்கையில் மட்டுமே நடக்கின்றன. மாதந்தோறும் கட்டும் பழக்கத்தை அவை வளர்க்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்த அக்கா நல்லவராகவே இருந்தாலும், முதலில் சீட்டை எடுத்தவர்கள் கட்டாமல் போனால் அவரால் என்ன செய்ய முடியும்? பதிவு எண் இல்லாத சீட்டில் மூன்று மாதச் செலவுப் பணத்தை வைக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம்.

(திரையில்: பெரம்பூர், ஜமாலியா வழியாகச் செல்லும் சாலைக் காட்சிகள்.)

வடசென்னையில் ஒரு காலத்தில் வேலையைத் தேட வேண்டியிருக்கவில்லை. பெரம்பூரில் பி அண்ட் சி துணி மில்லுக்குத் தாத்தாவின் பின்னால் தந்தையும், தந்தையின் பின்னால் மகனும் போனார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. அந்த மில் 1996-இல் மூடப்பட்டது. அப்போது நடுத்தர வயதில் இருந்தவர்களில் பலருக்கு, நெசவு இயந்திரத்தைத் தவிர வேறெதையும் இயக்கத் தெரிந்திருக்கவில்லை. நிரந்தர வேலை என்று நாம் நினைப்பதுகூட நிறுவனம் இருக்கும் வரைதான். கற்ற தொழில் நம்மோடு வரும். ஆகவே ஒரு வேலையைப் பார்க்கும்போது, இதில் இரண்டு ஆண்டு இருந்தால் இன்று தெரியாத எதை நான் செய்யத் தெரிந்திருப்பேன் என்ற கேள்வியைச் சம்பளத்துக்கு முன்பே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்ததாக நேரத்தைப் பாருங்கள். திருவொற்றியூரில் குடியிருக்கும் ஒருவருக்கு ஒரகடத்தில் 18,000 ரூபாய் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை ஒன்பது மணி நேரம், போக வர நான்கு மணி நேரம். மணலியில் இன்னொரு வேலை 15,000 ரூபாய். அதே ஒன்பது மணி நேரம், பயணம் ஒரு மணி நேரம். மாதத்துக்கு 26 நாள் வேலை என்று கொண்டால், வீட்டை விட்டு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் முதல் வேலையில் 53 ரூபாய் கிடைக்கிறது, இரண்டாவதில் ஏறத்தாழ 58 ரூபாய் கிடைக்கிறது. பயணச் செலவையும் வெளிச் சாப்பாட்டையும் கழித்தால் வித்தியாசம் இன்னும் கூடும். பெண்களுக்கு மாநகரச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. மெட்ரோ இப்போது விம்கோ நகர் வரை வருகிறது. இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டுக்கு அந்த மூவாயிரம் ரூபாய்தான் பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் கடன் இல்லாத வீட்டில், நாளுக்கு மூன்று மணி நேரம் மிச்சமாகிறது. அந்த நேரத்தில் மாலை வகுப்புக்குப் போகலாம், பிள்ளையின் பாடத்தைப் பார்க்கலாம், தூங்கவாவது செய்யலாம். வேலையில் மனநிறைவு இல்லை என்று சொல்கிறவர்கள் பலருடன் பேசினால், வேலையைவிடப் பயணமும் தூக்கமின்மையும்தான் அவர்களை அரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது.

மூன்றாவதாக, அந்த இடத்தில் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்பது. இதை நேர்காணலில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் வாயிலருகே உள்ள தேநீர்க் கடையில் நின்று, வெளியே வருகிறவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, ஓவர்டைமுக்குப் பணம் தருகிறார்களா, சூப்பர்வைசர் எப்படிப் பேசுவார், கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டாகக் கான்ட்ராக்டிலேயே இருக்கிறார்கள் என்ற நான்கும் தெரிந்துவிட்டால் போதும்.

தொழில் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வழியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அரசுத் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளில் ஓராண்டு அல்லது ஈராண்டு படித்துவிட்டு, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸாகச் சேரலாம். பெரம்பூரில் இருக்கும் ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற பெரிய தொழிற்சாலைகள் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. உதவித்தொகை குறைவுதான், 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தன. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் பெரிய இயந்திரங்களில் கைவைத்துப் பழகிய அனுபவமும் தேசிய அளவில் செல்லும் சான்றிதழும் கிடைக்கின்றன. டெலிவரி வண்டி ஓட்டினால் இதைவிடக் கூடுதலாக வருமே என்று வீட்டில் கேட்பார்கள். பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இந்த ஓராண்டு வருமானக் குறைவைத் தாங்குவதற்குத்தான் வீட்டில் அந்த 45,000 ரூபாய் இருக்க வேண்டும் என்கிறேன்.

ரயில்வேயிலோ துறைமுகத்திலோ வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்த வேலைகள் வெளிப்படையான அறிவிப்பு, விண்ணப்பம், தேர்வு என்ற வழியில்தான் நிரப்பப்படுகின்றன.

(திரையில்: சம்பளச் சீட்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. வரிகள் வட்டமிடப்படுகின்றன.)

வேலை கிடைத்துவிட்டது. கையில் வரும் தொகையை மட்டும் பார்க்காமல் பிடித்தங்களையும் பாருங்கள். இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும், அடிப்படைச் சம்பளத்தில் நாம் 12 சதவீதம் கட்டினால் நிறுவனமும் 12 சதவீதம் கட்ட வேண்டும், அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது. 2023-24-ஆம் ஆண்டுக்கான பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், ஆர்.டி.யைவிட அதிகம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு, நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம் மட்டுமே, குடும்பத்துக்கும் சேர்த்து அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சை பெறலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்காமல் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தருவதைவிட எடுத்துக்கொள்வதுதான் அதிகம்.

ஒவ்வொரு வேலையை விடும்போதும் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்கும் வழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. ஓய்வூதியம் பெறப் பத்தாண்டு பணிக்காலம் வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் வராது. நிறுவனம் மாறினாலும், பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் யு.ஏ.என். எண் ஒன்றேதான். புதிய இடத்தில் சேரும் நாளில் அந்த எண்ணைக் கொடுத்து, பழைய கணக்கை மாற்றக் கோருங்கள். பழைய இடத்திலிருந்து பணி விடுவிப்புக் கடிதத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். கோபித்துக்கொண்டு சொல்லாமல் நின்றுவிட்டால் அவை பிறகு கிடைப்பது கடினம். புதிய நிறுவனத்தில் முதல் மூன்று மாதம் பி.எஃப். பாஸ்புக்கை இணையத்தில் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த தொகை அதில் வரவு வைக்கப்படவில்லை என்றால், மனிதவளப் பிரிவில் எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் குறைதீர் இணையதளத்தில் யு.ஏ.என். எண்ணோடு புகாரைப் பதிவு செய்யலாம்.