பிறர் கதையில் தொடங்கியவர்

நேயர்களுக்கு வணக்கம். ‘வெள்ளை மொழி’ என்ற தன்வரலாற்றை எழுதிய திருநங்கை ரேவதியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

திருநங்கை ஒருவர் எழுத வந்தால் சொந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம். ரேவதியின் முதல் நூல் 2004-இல் வந்த ‘உணர்வும் உருவமும்’. அது பிற அரவாணிகளின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தொகுத்தது. வெளியாள் யாராவது போய்க் கேட்டிருந்தால் பாதிதான் வந்திருக்கும். தங்களில் ஒருத்தி கேட்டதால் மனம் விட்டுப் பேசினார்கள்.

அப்புறம்தான் தன் கதைக்கு வந்தார். நாமக்கல் பக்கத்துக் கிராமம், அண்ணன்களின் அடி, வீட்டைவிட்டு ஓடியது, டெல்லி, மும்பை, பெங்களூரு. கடை கடையாகப் போய்க் காசு கேட்டதும், பாலியல் தொழில் செய்ததும், போலீஸிடம் பட்டதும் எதையும் அவர் பூசி மெழுகவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மகளாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கையான குருவின் அரவணைப்பை எழுதுகிற அதே கை, திருநங்கைகள் கூடி வாழும் அமைப்பான ஜமாத்துக்குள் இருக்கும் கெடுபிடியையும் எழுதிவிடுகிறது. சொந்தக்காரர்களைப் பற்றி உண்மை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதிய அந்தத் தன்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கிலத்தில்தான் முதலில் வெளிவந்தது. தமிழ்ப் புத்தகம் 2011-இல் வந்தது. நாமக்கல்காரர் எழுதியதைப் படிக்க நாம் ஆங்கில வாசகர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறோம்!

பெங்களூரில் பாலியல் சிறுபான்மையினர் உரிமைக்காக இயங்கும் ‘சங்கமா’வில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, அதன் இயக்குநர் வரை உயர்ந்தார். ‘வெள்ளை மொழி’ அ. மங்கையின் இயக்கத்தில் நாடகமானபோது மேடையில் தனி ஆளாக நடித்தவரும் அவரே. 2019-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்து முகப்பில் பெண் எழுத்தாளர்களின் பெயர்களைப் பெரிய பதாகையில் எழுதி வைத்தார்கள். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு ரேவதி பெயரும் அதில் இருந்தது. இந்தச் செய்தி பரவிய அளவுக்கு அவர் புத்தகங்கள் பரவவில்லை என்பது என் எண்ணம்.

2016-இல் நந்தினி முரளியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூலில் மறுபடியும் பிறர் கதைகளுக்கு இடம் கொடுத்தார். இம்முறை, தங்களை ஆணாக உணரும் திருநம்பிகளும் பேசுகிறார்கள். பெண்பிள்ளை என்று வீட்டுக்குள் பூட்டி வளர்க்கப்பட்டவர்கள். ரேவதியைப்போல் ரயிலேறி ஓடுவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. ஓடினாலும் சேர்த்துக்கொள்ள ஒரு ஜமாத் கிடையாது. நன்றி, வணக்கம்.