மூன்று பேருக்குப் போகாத கடிதம்

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் அரங்கில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

போரில் ஒரு படைக்குப் பெரிய பலம் உளவுத் தகவலைத் திரட்டுவதா, திரட்டியதை ஆராய்வதா? ஆராய்வதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, "அரிசியே இல்லாமல் எப்படிச் சோறு வடிப்பீர்கள்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நியாயமான கேள்விதான். பதில் நம் ஊர்க் கடற்கரையிலேயே இருக்கிறது.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலில் அதற்கான கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். அந்தக் கப்பல் வங்கக்கடலில் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடிக்கிறது என்ற சேதி ஒரு வாரத்துக்கு முன்பே ஆட்சியாளர்களுக்குக் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் அன்றிரவு ஊரில் விளக்குகள் எரிந்தன. உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேல் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்தது. தம்பி, அரிசி வீட்டில்தான் இருந்தது. உலை வைக்கத்தான் யாரும் இல்லை.

1941 டிசம்பர் 7 காலையில் ஹவாய்த் தீவிலும் இதே கதை. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை நோக்கி வந்த ஜப்பானிய விமானங்களை ரேடார் பார்த்துவிட்டது. பார்த்த சிப்பாய் தகவலும் சொன்னார். நம்முடைய விமானங்களாக இருக்கும், கவலைப்படாதே என்று பதில் வந்தது.

ஆறு மாதத்துக்குள் அதே ஹவாயில் இருந்த இன்னோர் அறையைப் பாருங்கள். ரோஷ்ஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரியின் குழு ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. 'ஏ.எஃப்.' என்ற இடத்தைத் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. அது எந்த இடம்? மிட்வே தீவு என்றார் ரோஷ்ஃபோர்ட். வாஷிங்டன் நம்பவில்லை. அப்போது ஒரு யோசனை செய்தார்கள். "எங்கள் குடிநீர் இயந்திரம் பழுது" என்று சங்கேதமே இல்லாமல் வானொலியில் அனுப்பச் சொல்லி, மிட்வேக்குக் கடலடிக் கம்பி வழியாக ரகசியமாகச் சேதி போனது. ஜப்பானியர் அதை ஒட்டுக்கேட்டு, 'ஏ.எஃப்.'பில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று தங்கள் ஆட்களுக்குச் சொன்னார்கள். முடிந்தது! ஜூன் மாதம் அவர்களுடைய நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் கடலுக்குள் போயின. இரண்டே எழுத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்த வேலை இது. எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் வள்ளுவரின் ஒற்றாடல் அதிகாரம் ஞாபகம் வரும். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார் என்கிறார் அவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொன்னதும் ஒத்துப்போனால்தான் நம்பலாம் என்கிறார்.

சரி, 1999 கார்கில் போருக்கு வருகிறேன். "முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தால் கார்கில் நடந்திருக்காது" என்று எதிரணிச் சகோதரி உருக்கமாகச் சொன்னார்கள். அம்மா, அதைக் கேட்டு எனக்கும் மனம் கலங்கியது. ஆனால் கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை வேறொன்றையும் சொல்கிறது. அந்தக் குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர், நம் மாநிலக் கல்லூரியில் படித்தவர். தகவல் திரட்டியதிலும் குறை இருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். அதை நான் மறைக்கவில்லை. கூடவே இதையும் எழுதினார்கள். எல்லைக்கு அப்பால் கார்கிலுக்கு எதிர்ப்புறம் நடமாட்டம் கூடியிருப்பதை உள்நாட்டு உளவுத்துறை 1998 ஜூனிலேயே கடிதமாக எழுதிவிட்டது. கடிதம் பிரதமருக்குப் போனது. உள்துறை அமைச்சருக்குப் போனது. ஆனால் வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் ரா அமைப்பின் தலைவர், கூட்டு உளவுக் குழுவின் தலைவர், ராணுவ உளவுத் தலைமை இயக்குநர் ஆகிய மூவருக்கும் அது அனுப்பப்படவில்லை. துண்டு துண்டாக வருவதைச் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டியவர்களே அந்த மூவர்தான்! முப்படைக்கும் பொதுவாக ஒரு பாதுகாப்பு உளவு முகமை 2002இல்தான் வந்தது.

1999 மே மாதம் மேய்ச்சல்காரர்கள் மலைமேல் அந்நியர்களைப் பார்த்துச் சொன்ன பிறகும், அங்கே இருப்பவர்கள் சில தீவிரவாதிகள்தான் என்றே ராணுவத்தில் முதலில் கணித்தார்கள். உண்மையில் அங்கே பதுங்கு குழி தோண்டி உட்கார்ந்திருந்தது பாகிஸ்தானின் காலாட்படை. மே 29 அன்று படாலிக் மலையில் திருச்சியின் மேஜர் மாரியப்பன் சரவணன் தன் வீரர்களோடு மேலே ஏறினார். அங்கேயே உயிர் நீத்தார். உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

நடுவர் அவர்களே, அவர் மலை ஏறிய அன்று அந்த ஜூன் மாதக் கடிதம் எழுதப்பட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

நன்றி, வணக்கம்.