சித்திரமும் கைப்பழக்கம்: முப்பது நாள், முப்பது படம்

(நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் படிப்பகத்தின் ஆண்டுவிழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் படிப்பகத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோவில் நிர்வாகக் குழுப் பெரியவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பேரூராட்சித் தலைவர் இன்றைக்கு வேறு இரண்டு நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். போன மழையில் இந்தப் படிப்பகத்தின் ஓடு உடைந்து ஒழுகியபோது ஒரே வாரத்தில் ஆள் அனுப்பி மாற்றிக் கொடுத்தவர் அவர். அந்த ஓடு மாறாமல் இருந்திருந்தால் இந்தச் சுவர் ஊறிப்போயிருக்கும், சுவரில் பிள்ளைகள் ஒட்டியிருக்கும் படங்களும் இருந்திருக்காது. தலைமையாசிரியை அம்மா தன் கைக்காசில் வரைதாள் வாங்கித் தந்தார். பந்தலும் மைக்கும் கூலி வாங்காமல் தந்த அண்ணாச்சிக்கும், பின்னால் நின்று சாயா ஆற்றிக்கொண்டிருக்கும் மகளிர் குழுவினருக்கும் என் நன்றி.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று கோடு, இரண்டு நிறம், மூன்றாவது, பிள்ளைகளின் கை எங்கே பழகும் என்பது.

ஔவையார் ஒரு தனிப்பாடலில் சொல்லியிருக்கிறார்: "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்." இதே பாட்டில் கொடையையும் நட்பையும் பிறவிக் குணம் என்று சொல்கிற ஔவை, சித்திரத்தை அந்தப் பக்கம் சேர்க்கவில்லை, பழக்கத்தின் பக்கம் வைத்தாள். "எனக்கு வரைய வராது சார்" என்று சொல்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முப்பது வருடமாக நான் சொல்லும் பதில் இதுதான்.

அமெரிக்காவில் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009இல் ஒரு காரியம் செய்தார். மையில் வரையும் தன் கை இன்னும் திருந்த வேண்டும் என்று அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு படம் போடத் தொடங்கினார். இங்க்டோபர் என்று பேர் வைத்தார். இன்று உலகம் முழுக்க அந்த மாதத்தில் ஆயிரக்கணக்கான பேர் வரைகிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு ஒரு படம், அவ்வளவுதான் சட்டம். நாம் அதை நவம்பருக்கு மாற்றிக்கொண்டோம். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நமக்கு அதைவிட நல்ல தொடக்க நாள் உண்டா?

முதல் பத்து நாள் பென்சில் மட்டும். கண் பொருளின் மேல் இருக்க வேண்டும், தாளின் மேல் அல்ல. பொருளின் ஓரத்தைக் கண் எறும்பு மாதிரி ஊர்ந்து போக, கை அதே வேகத்தில் போக வேண்டும். முதல் நாள் கோணலாகத்தான் வரும், வரட்டும். வாய்க்கால் தண்ணீர் போகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை வரையச் சொன்னால் பிள்ளைகள் பாலத்தை ஒரே அகலத்தில் நீளமாக இழுத்து வைக்கிறார்கள். ஏன்? ஒரே அகலம் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால். 115 அடி உயரத்தில், அந்த நடைபாதையில் நின்று நேரே பாருங்கள். இரண்டு பக்கச் சுவரும் தூரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தெரிந்ததை வரையாமல் பார்த்ததை வரைகிற நாளில்தான் பிள்ளை ஓவியத்துக்குள் வருகிறது.

நிறத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு நாளுக்கு 'பழம்' என்று சொல் கொடுத்திருந்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, வடசேரி சந்தையில் அவளுடைய அப்பா குலை வியாபாரி. அவள் செந்துளுவன், அதாவது செவ்வாழைக் குலை வரைந்தாள். நல்ல சிவப்பு பூசி, நிழல் வேண்டுமே என்று ஓரமெல்லாம் கறுப்பை இழுத்துவிட்டாள். அப்பாவிடம் காட்டினாள். அவர் வாழ்க்கையில் தூரிகை பிடித்தவர் இல்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, இந்தக் குலைய நான் கடையில தொங்கவிட்டா ஒருத்தனும் வாங்க மாட்டான். அவிஞ்சு போச்சுன்னு நினைப்பான்" என்றாராம். பிள்ளைக்கு அழுகை. மறுநாள் விடியுமுன் நாலு மணிக்கு அவளை எழுப்பி, சைக்கிளில் உட்கார வைத்து, சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பல்பு வெளிச்சத்தில் ஒரு குலையைத் திருப்பிக் காட்டினார். "கறுப்பு எங்க இருக்கு, காட்டு பாப்போம்?" என்றார். அவள் தேடினாள், கறுப்பு இல்லை. காம்பின் பக்கம் பச்சை இருந்தது. வெளிச்சம் படுகிற பக்கம் சிவப்போடு ஆரஞ்சு கலந்திருந்தது. நிழல் பக்கம் ஊதா மாதிரி ஒரு ஆழ்ந்த சிவப்பு. பன்னிரண்டு நிறப் பெட்டியில் அவளுக்கு ஊதா கிடையாது. வீட்டுக்கு வந்து சிவப்பில் நீலத்தைத் தொட்டாள், அதிகமாகிவிட்டது. மறுபடி சிவப்பு. ஒரு துளி பச்சை. நாலாவது தாளில் வந்தது. அப்பா அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய், குலை தொங்கும் கயிற்றிலேயே கட்டித் தொங்கவிட்டார். காலையில் வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்க் குலை?" என்று கேட்டார். அப்பா சொன்னார்: "இது எங்க வீட்டுக் குலை."

கை தட்டுங்கள், தப்பில்லை. அந்தப் பிள்ளை இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று எடுப்பாகக் காட்டும், கலந்தால் ஒன்றை ஒன்று அடக்கும். தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். அரளிப் பூவின் பக்கத்தில் நொச்சி இலையை வைத்துத்தானே அந்த மாலையை மின்ன வைக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவிய மரபில் பார்த்தால் காவிக்கல்லில் சிவப்பும் மஞ்சளும், விளக்குக் கரியில் கறுப்பு, சுண்ணாம்பில் வெள்ளை. பச்சைக்கு, நீலம் தரும் அவுரிச் சாற்றோடு ஒரு மரத்தின் மஞ்சள் பிசினைச் சேர்த்தார்கள். இந்த ஐந்தை வைத்துக்கொண்டுதான் அத்தனை தெய்வங்களையும் எழுதினார்கள். நம் பிள்ளையின் கையில் பன்னிரண்டு இருக்கிறது, போதாதா? மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணலே கறுப்பும் சிவப்புமாக இருக்கும்போது, பிள்ளைகளின் படத்தில் மட்டும் மணல் ஏன் எப்போதும் மஞ்சள்? சித்திரமும் கைப்பழக்கம். ஆனால் அந்தக் கைக்கு வழி காட்டக் கண்ணும் பழக வேண்டும்.

இங்கேதான் என் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். கை எங்கே பழகும்? பள்ளியில் ஓவிய வகுப்பு என்று கால அட்டவணையில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஜனவரி பிறந்துவிட்டால் அந்த வகுப்பு என்னிடம் இருக்காது. கணக்குக்கு ஒரு நாள், அறிவியலுக்கு ஒரு நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். வரைதாள் கட்டைக் கையில் பிடித்தபடி வகுப்பு வாசலில் நின்று திரும்பிய நாட்கள் எனக்கு இன்னும் ஓர்மை இருக்கிறது. பிள்ளைகள் ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. நல்ல காரியம். ஆனால் அவர்கள் வாரத்தில் சில அரை நாட்கள் மட்டும் பள்ளிக்கு வந்து, பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் தெருவில் நின்றிருக்கிறார்கள். அரை நாள் வருகிறவர் எப்படி நாள்தோறும் ஒரு பழக்கத்தை வளர்ப்பார்? மேடையில் தலைமையாசிரியை இருக்கிறார், பேரூராட்சித் தலைவர் இருக்கிறார். உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். எல்லாப் பள்ளியிலும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும். அதுவரை, வாரத்தில் அந்த ஒரு வகுப்பையாவது யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெற்றோரே, உங்கள் பிள்ளையிடம் இன்றிரவு கேளுங்கள்: "இந்த வாரம் ஓவிய வகுப்பு நடந்ததா?" நடக்கவில்லை என்றால் மறுநாள் பள்ளிக்குப் போய்ப் பணிவாகக் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் நடக்கும்.

வாசலில் சாயா மேசைக்குப் பக்கத்தில் ஒரு மனு வைத்திருக்கிறோம். சாயா குடிப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போடுங்கள், டம்ளர் ஈரத்தில் தாள் நனைந்துவிடும். பிள்ளைகளே, உங்களுக்கு முப்பது சொற்கள் அச்சடித்த தாளும் அங்கேயே இருக்கிறது. நவம்பர் ஒன்றாம் தேதிக்கு உரிய சொல் 'முற்றம்'. காலை ஏழு மணி வெயிலில் உங்கள் வீட்டு முற்றத்தில் விழும் நிழல் என்ன நிறம் என்று பார்த்து வரைந்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் இங்கே கொண்டுவந்து ஒட்டுங்கள். நான் பசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வணக்கம்.