குண்டு விழுந்த ஊரில் ஒரு நாள் நடை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலூர்க்காரன். பழைய நகரம் ஒன்றை ஒரு நாளில் நடந்தே பார்ப்பது பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம், மதுரை, தஞ்சாவூர் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த இந்தப் பதினைந்து நிமிஷத்தையும் நான் கடலூருக்கே கொடுக்கப் போகிறேன்.

சென்னையிலிருந்து சிதம்பரம், மாயவரம் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் எல்லாருக்கும் கடலூர் தெரியும். பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும். ஜன்னலோரம் வேர்க்கடலையும் முறுக்கும் வரும். அப்புறம் வண்டி கிளம்பிவிடும். கடலூரை அவ்வளவுதான் பார்த்திருப்பீர்கள்.

போன பங்குனியில் ஒரு நாள் விடிகாலை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் பெரிய பையோடு ஒரு பையன் வந்து நின்றான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம். ஒவ்வொரு ஊராக இறங்கி நடந்து பார்த்துக்கொண்டே போகிறவன். கடைக்காரரைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, இந்த ஊர்ல பார்க்க என்னங்க இருக்குது?" என்று கேட்டான். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "இங்க ஒண்ணும் இல்ல தம்பி. பாண்டிக்குப் போங்க, இல்ல சிதம்பரம் போங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, டீயைக் குடி. என்னோடு வா" என்றேன். அன்று காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறரை வரை இரண்டு பேரும் நடந்தோம். பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் இருக்கும். அந்த நடையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய ஊர் என்றால் பெரிய கோபுரமும் மதிலும் இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நான் ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து அளந்தவன். மதில் இடிந்துவிடும். ஆறு திசை மாறிவிடும். எல்லைக் கல்லைக்கூடப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பெயர் மட்டும் அப்படியே நிற்கும். தெருப் பெயர், பேட்டைப் பெயர், குப்பத்தின் பெயர். பஸ்ஸில் போனால் அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டு மறைந்துவிடும். நடந்தால் நின்று படிக்கலாம், பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்கலாம். அதனால் அந்தப் பையனிடம், "படம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், முதலில் பலகையைப் படி" என்றேன்.

அவன் படித்த முதல் பலகை ரயில் நிலையத்தில் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர். பெயர் எவ்வளவு நீளம், பாருங்கள். பாதிரி என்பது மரம். புலியூர் என்பது புலிக்கால் முனிவர் வழிபட்ட ஊர். சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்ற பெயர் இருப்பதும் அந்த முனிவரால்தான். இங்கே பாதிரி மரம் தலமரம் ஆனதால் இது பாதிரிப்புலியூர். வடமொழியில் பாதிரிக்குப் பாடலி என்று பெயர். அதனால் சுவாமி பாடலீஸ்வரர். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

கோயிலுக்குள் பையனுக்குப் பாதிரிப் பூ ஒன்று கிடைத்தது. உதிர்ந்து கிடந்த பூ. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். குட்டி நாதஸ்வரத்தின் அணைசு மாதிரி வாய் விரிந்திருக்கும். வெளியே மங்கின சிவப்பு, உள்ளே மஞ்சள், மேலெல்லாம் பூனை ரோமம் மாதிரி மெல்லிசாக. வாடின பிறகும் வாசனை போகவில்லை. அதைத் தன் நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டான்.

நில அளவைக்காரனான எனக்கு இந்த ஊரில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. கி.பி. 458-இல் பாடலிகா என்ற ஊரில் ஒரு சமண முனிவர் உலகத்தின் அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு அது. நூலின் பெயர் லோகவிபாகம். அதன் வடமொழி வடிவம்தான் இன்று இருக்கிறது. அந்தப் பாடலிகா இந்தப் பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பூஜ்யத்தோடு சேர்த்து, ஒன்று, பத்து, நூறு என்று இடத்தை வைத்து எண்ணை எழுதும் முறை இருக்கிறதே, அது காணப்படும் மிகப் பழைய நூல்களில் இது ஒன்று. ஏக்கர், சென்ட் என்று பூஜ்யம் போட்டுக் கணக்கு எழுதியே வாழ்ந்தவன் நான். அதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பையனும் நடப்பதை நிறுத்திவிட்டு, "நெசமாங்களா ஐயா?" என்று கேட்டான்.

இந்தப் பாதிரிப்புலியூரில் இருந்த சமண மடத்தில்தான் தருமசேனர் என்ற பெயரோடு திருநாவுக்கரசர் தலைவராக இருந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அவருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைப் பிடுங்கும் வலி. அக்கா திலகவதியார் இருப்பது திருவதிகையில். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அந்த மடத்துக்கு வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். சரி, நாமே போவோம் என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார். கிளம்பும்போது எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனார் என்பதையும் சேக்கிழார் சொல்கிறார். உடுத்திய பாய், உறியில் தொங்கிய குண்டிகை, மயிற்பீலி. மூன்றையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நடந்தார். திருவதிகை இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பண்ருட்டிக்குக் கொஞ்சம் முன்னால், கடலூரில் ஓடும் இதே கெடிலம் ஆற்றின் கரையில். வயிற்றுவலியோடு ஒரு மனுஷர் இருட்டில் அவ்வளவு தூரம் அக்காவைத் தேடி நடந்திருக்கிறார். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு இந்த இடத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இதைக் கேட்ட பையன் தன் பையை இறக்கித் திறந்து பார்த்தான். இரண்டு ஜோடி செருப்பு, ஒரு கம்பளி, சின்னதாக ஒரு அடுப்பு. பாதியைப் பக்கத்துப் பூக்கடை அம்மாவிடம் கொடுத்து, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். "வெச்சிட்டுப் போப்பா, யாரு எடுக்கப் போறா" என்று அந்த அம்மா சாக்குக்குள் போட்டு வைத்தார்.

அதே நாவுக்கரசரைப் பின்னால் பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் போட்டான், கல் தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அவர் கரையேறிய ஊருக்கு இன்றைக்கும் பெயர் கரையேறவிட்டகுப்பம். ரேஷன் கார்டில் அந்தப் பெயர், பஞ்சாயத்துப் பலகையில் அந்தப் பெயர். இன்று போய்ப் பார்த்தால் கடல் அங்கே இல்லை. கெடிலம் ஒரு காலத்தில் கோயிலுக்குத் தெற்கே ஓடியது, பிறகு வடக்கே திரும்பிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். ஆறு இடம் மாறின பிறகும் ஊர்ப்பெயர் அந்தக் கரையை விடவில்லை. இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கெடிலப் பாலம் தாண்டினால் மஞ்சக்குப்பம். மைதானம், பழைய கலெக்டர் ஆபீஸ், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் தோட்ட வீடு. நின்று பார்த்துவிட்டு, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். செம்மண்டலம் பக்கம் ஒரு சாலை. சாதாரண சாலைதான். கடைகள், வீடுகள், ஆட்டோக்கள். பலகையைப் படி என்றேன். "குண்டு சாலை" என்று படித்தான். ஏன் குண்டு என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் வந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கேட்டோம். அவர்களுக்கும் தெரியவில்லை.

எனக்கு இது தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். 1979-இல் நான் வேலையில் சேர்ந்த புதிது. பெண்ணையாற்றங்கரைப் பக்கம் குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர். அங்கே அளக்கப் போயிருந்தேன். புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அந்த ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம், "ஊருக்கு ஏன் குண்டு என்று பேர்?" என்று கேட்டேன். அவருக்கு எழுபது வயசு இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "தம்பி, நீ சங்கிலி போட்டு எல்லை அளக்கறே. இந்த ஊருக்கு எல்லை அளந்தது பீரங்கி."

நடந்தது இதுதான். தேவனாம்பட்டினத்தில் ஒரு சின்னக் கோட்டை இருந்தது. 1690-இல் அதைச் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றியிருக்கிற நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை. ஒப்பந்தமே அப்படித்தான். அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவர் எலிஹூ யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பெயர் இவருடையதுதான். அவர் சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பச் சொன்னார். அந்த வருஷம் செப்டம்பரில் நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனிக்குப் போயிற்று. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது.

நேயர்களே, ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு அடி நிலத் தகராறு என்றால், மனு கொடுத்து, பணம் கட்டி, பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னால் அளந்து கல் நட வேண்டும். அங்கே வயலில் நின்ற சம்சாரிக்கு ஒரு நோட்டீஸும் இல்லை. காலையில் ஏர் ஓட்டப் போனவன் வானத்தில் இரைச்சல் கேட்டிருப்பான். சேற்றில் ஏதோ விழுந்திருக்கும். சாயங்காலம் அவன் வேறு ஒருத்தருடைய குடி. பக்கத்து வயல்காரனுக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் பழைய ராஜா. முப்பத்தேழு வருஷம் எல்லை அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட அநியாயமான அளவை நான் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு தடவை அந்தச் சாலையில் நடக்கும்போதும் அந்தச் சம்சாரியை நினைத்துக்கொள்வேன். அவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. குண்டின் பெயர் இருக்கிறது. அதையாவது நம் பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

பையன் அந்தப் பலகைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அன்றைக்கு அவன் எடுத்த முதல் படம் அதுதான்.

வெயில் ஏறிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், மீன் குழம்பு, மோர். இரண்டு மணி வரை மர நிழலில் படுத்துவிட்டுத் தேவனாம்பட்டினம் போனோம். சுட்டது அங்கேயிருந்துதானே. அந்தக் கோட்டைக்குப் பெயர் புனித டேவிட் கோட்டை. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் ராபர்ட் கிளைவ் வேஷம் மாற்றி ராத்திரியில் தப்பி வந்து சேர்ந்தது இங்கேதான். 1752 வரை இந்தக் கடற்கரையில் கம்பெனிக்குத் தலைமையிடமும் இதுதான். பிறகு 1758-இல் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் தளபதி லல்லி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று அங்கே கொஞ்சம் செங்கல் சிதைவுகள் இருக்கின்றன. பையன் ஏமாந்துவிடுவானோ என்று எனக்குப் பயம். அவன் ஒரு செங்கலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கிருந்து அந்தச் சாலை எவ்வளவு தூரம் வருங்க ஐயா?" என்று அளந்துகொண்டிருந்தான்.

வெள்ளி கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். 2004 சுனாமியில் இந்தக் குப்பத்து ஜனங்கள் பட்ட பாடு எங்களுக்கெல்லாம் மறக்காது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அலை எதுவரை வந்தது என்று கையைக் காட்டினார்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி, இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். கடலூரின் பழைய நகரமான முதுநகர் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், குண்டு சாலையிலேயே நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கடலூரின் பழைய பெயர் கூடலூர், ஆறுகள் கூடும் ஊர். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பழைய பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதுநகரில் துறைமுகம் இருக்கிறது, கிளைவ் தெரு இருக்கிறது. 1783-இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்த ஊருக்காக அடித்துக்கொண்டபோது, ஐரோப்பாவில் அவர்களுடைய ராஜாக்கள் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்திருந்தார்கள். சேதி வந்து சேர ஜூன் கடைசி ஆயிற்று. அதற்குள் இரண்டு பக்கமும் எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். கேப்பர் மலைக்கும் போக வேண்டும். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வந்த பாரதியாரைக் கைது செய்து அடைத்தது அங்கே இருக்கும் கடலூர்ச் சிறையில்தான். பெருமாள் கோயில் இருக்கும் திருவந்திபுரத்துக்கு அன்று போக முடியவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

ஆறரை மணிக்கு மறுபடி பாடலீஸ்வரர் கோயில் வாசல். பூக்கடை அம்மா சாக்கிலிருந்து அவன் சாமான்களை எடுத்துக் கொடுத்தார். நான் சிதம்பரம் பஸ் நிற்கும் இடத்தைக் காட்டினேன். அவன், "நான் நாளைக்குப் போறனுங்க ஐயா. காலைல கரையேறவிட்டகுப்பம் போய்ப் பாத்துப்போட்டு அப்புறம் கிளம்பறேன். எந்தப் பக்கம் போகோணும்?" என்று கேட்டான். மேற்கே கையைக் காட்டினேன்.

நீங்கள் வருவதானால் ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகு, தை, மாசியில் வாருங்கள். விடிகாலை ரயிலில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்குங்கள். தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் போதும். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.