டிரிட்டியத்துக்கு எங்கே போவீர்கள்?

நடுவர் அவர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம். ‘நாளைய மின்தேவைக்குக் கைகொடுப்பது அணுக்கரு இணைவா, அணுக்கரு பிளவா?’ என்னும் இன்றைய வழக்கில், பிளவே என்று வாதிட வந்திருக்கிறேன். சிறிய அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் பெறுவது இணைவு; பெரிய அணுக்கருவை உடைத்து ஆற்றல் பெறுவது பிளவு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி, இணைவுக்குக் கடல்நீரே எரிபொருள் என்றார். செர்னோபில் போன்ற விபத்துக்கு அதில் இடமே இல்லை என்றார். இரண்டாவது கூற்றை நான் மறுக்கவில்லை. இணைவு உலையில் கோளாறு நேர்ந்தால் பிளாஸ்மா, அதாவது இணைவு நிகழும் கொதிவாயு, குளிர்ந்து அணைந்துவிடும். ஆனால் முதல் கூற்றில் பாதிதான் உண்மை.

இன்று உலகம் பெரிதும் நம்பியிருப்பது ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் இணைக்கும் வழியை. டியூட்டீரியம் கடல்நீரில் கிடைக்கும்; டிரிட்டியம் கிடைக்காது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அளவு சிதைந்துபோக ஆகும் காலம், வெறும் 12.3 ஆண்டுகள் என்பதால், சேமித்து வைத்தாலும் தானே தேய்ந்துகொண்டிருக்கும். ஆயிரம் மெகாவாட் இணைவு வெப்பத்தை ஓராண்டு முழுவதும் பெறுவதற்கு ஏறத்தாழ 55 கிலோ டிரிட்டியம் வேண்டும். ஆயுதத் தேவைக்கு ஒதுக்கியது போக உலகின் கையிருப்போ சில பத்துக் கிலோதான். அந்தச் சிறு கையிருப்பும் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், டியூட்டீரியம் நிறைந்த கனநீரைப் பயன்படுத்தும் கனடாவின் உலைகளிலிருந்து, அதாவது எங்கள் அணியின் பிளவு உலைகளிலிருந்து! உலைச் சுவரில் லித்தியத்தை வைத்து, இணைவில் வெளிப்படும் நியூட்ரான் அதன்மேல் மோதும்போது டிரிட்டியத்தை விளைவித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் எரித்த அளவுக்கு விளைவித்துக் காட்டிய இணைவு உலை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

அந்த நியூட்ரானைப் பற்றியும் சொல்ல வேண்டும்; உருக்காலை உள்ள ஊரில் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. 1.41 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பாயும் அது எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கும். உள்ளே ஹீலியத்தை உண்டாக்கி உலோகத்தை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். எஃகையே கதிரியக்கம் உடையதாக்கும். இத்தனையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும் சுவர் இனிமேல்தான் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி, இணைவின் வழியே 3.15 மெகாஜூல் ஆற்றலைப் பெற்றார்கள். மாபெரும் சாதனை, தலைவணங்குகிறேன். ஆனால் அந்த லேசரை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து எழுப்பும் ஈட்டர் (ITER) இணைவு உலையைச் சூழும் பிரம்மாண்டமான குளிர்கலன் இந்தியாவில் உருவானது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. எனினும், 2024இல் அறிவித்த அட்டவணைப்படி அங்கே டிரிட்டியம் கலந்த சோதனை 2039இல்தான் தொடங்கும்; அப்போதும் அந்த உலை மின்சாரம் தராது, ஏனெனில் அது ஆய்வுக்காக மட்டுமே கட்டப்படுகிறது.

பிளவின் வரலாற்றைப் பாருங்கள். 1938இல் கண்டறியப்பட்டது, 1942இல் சிகாகோவில் தொடர்வினை நிகழ்ந்தது, 1954இல் ரஷ்யாவின் ஒப்னின்ஸ்கில் மின்கட்டமைப்போடு இணைந்தது. நம் கல்பாக்கம் 1984 முதல் மின்சாரம் தருகிறது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு இயங்குகின்றன. பக்கத்தில் மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு வேகன் வேகனாக நிலக்கரி இறங்குகிறது. இரவு முழுதும் ஓடும் நம் விசைத்தறிகளுக்கு அந்தக் கரியும் சாம்பலும் இல்லாமல், காற்றும் வெயிலும் ஓய்ந்த நேரத்திலும் மின்சாரம் வேண்டும் என்றால், இன்று கையில் இருப்பது பிளவுதான்.

கழிவு இருக்கிறது, புளூட்டோனியத்தின் அரை ஆயுள் 24,000 ஆண்டுகள் என்பதை நான் மறைக்கவில்லை. செர்னோபிலிலும் ஃபுகுஷிமாவிலும் வீடிழந்தவர்களின் துயரம் சிறிதன்று. ஆனால் அந்த அச்சத்துக்கு விடை தேடித்தான் கூடங்குளத்தில், மின்சாரமே இல்லாவிட்டாலும் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும், உருகிய எரிபொருளைத் தாங்கும் ஏற்பாடும் அமைத்திருக்கிறார்கள். கழிவைக் கண்ணாடியில் உருக்கி அடைக்கும் தொழில்நுட்பமும் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது.

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்: பிளவு உலைகளை எல்லாம் மூடிவிட்டால், உங்கள் முதல் இணைவு மின்நிலையத்தைத் தொடங்கி வைக்க வேண்டிய டிரிட்டியத்தை யாரிடம் கேட்பீர்கள்? நன்றி, வணக்கம்.