வெர்னியரோடு டீக்கடைக்கு வருகிற ஊர்

தலைமை ஏற்றிருக்கும் மாவட்டத் தொழில் மைய மேலாளர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தொழில் அதிபர்களே, எனக்கு லேத் என்கிற கடைசல் எந்திரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, இன்று எண்பத்திரண்டு வயதில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, தொழிற்பயிற்சி நிலையத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த விழாக்குழுவினருக்குத் தனி நன்றி.

கோவையைத் தேடி ஆலைகள் ஏன் வந்தன? மின்சாரம், கல்வி, கூலி மூன்றையும் பேசச் சொன்னார்கள். மின்சாரம் உங்களுக்குத் தெரிந்த கதை. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. ஆனால் அந்தக் கம்பி வேறு ஊர்களுக்கும்தானே போனது!

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்றார் ஔவை. கை பழக இடம் கொடுத்த ஊர் இது. ஜி.டி. நாயுடு 1945லேயே இங்கே தொழில்நுட்பக் கல்விக்கு வழி செய்தார். 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது, பக்கத்திலேயே பம்பும் மோட்டாரும் செய்து விற்கிற பட்டறை ஓடியது. படிக்கிற பிள்ளை அங்கே போய் வேலையும் பார்த்தான்.

என் மாமா ஆவாரம்பாளையத்தில் பட்டறை வைத்திருந்தார். 1986இல் வடக்கே இருந்து ஒரு முதலாளி இடம் பார்க்க வந்தார். நிலத்தின் விலையை அவர் கேட்கவே இல்லை. "நல்ல டர்னர் கிடைப்பாங்களா?" என்று லேத் ஓட்டுகிற ஆளைத்தான் கேட்டார். மாமா பதில் சொல்லாமல், ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வந்தவர் பையில் இருந்த மாதிரி உதிரியைப் பெஞ்சில் வைத்தார். காக்கியெல்லாம் எண்ணெய்க் கறையோடு பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். "ஏனுங்க, போர் சென்டர் அவுட்டா இருக்குதுங்களே!" என்றான்; துளை நடுவில் இல்லாமல் விலகியிருக்கிறது என்று பொருள். சட்டைப்பையில் இருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தும் காட்டினான். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அந்த முதலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை முன்பணம் கொடுத்தார். கூலியைப் பற்றி இன்னொரு மேடையில் விரிவாகப் பேசுகிறேன்.

இப்போது 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து அரசு மேம்படுத்தியிருக்கிறது. ரோபோ வந்திருக்கிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் அதைத் தொட்டுப் பழக நேரம் வேண்டாமா? எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஆனைகட்டிப் பக்கத்துப் பெண், கடைசி பஸ்ஸை நினைத்து நாலு மணிக்கே எந்திரத்தை நிறுத்திவிடுவாள். சித்திரமும் கைப்பழக்கம் என்றால், அவள் கைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் யார் கொடுப்பது?

பயிற்சி நிலைய வளாகத்திலேயே மாணவியருக்கு விடுதி வேண்டும். மனு அந்த மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்தை என் ஆசிரியர் போடுவார். அதிபர்கள் எல்லோரும் அடுத்தடுத்துப் போட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.