சில்லுத் தடம்

வணக்கம் நேயர்களே. கடற்கரையில் வாகனம் ஓட்டுவது பற்றியும் அதற்கான சட்டம் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். இலங்கையின் கிழக்கே திருக்கோவில் என்ற ஊரின் கரையில் ஒரு விடியற்காலை கண்டதைச் சொல்லாமல் எனக்குச் சட்டம் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் நின்று இழுக்கும் கரைவலைக் காலம். மீனவர் குடிலான வாடிக்கு வடக்கே முந்தின நாள் மாலை யாரோ ஜீப் ஓட்டி விளையாடியிருக்கிறார்கள். கணுக்கால் ஆழத்தில் இரண்டு சில்லுத் தடங்கள். ஒன்றுக்குள் கறுப்பாக ஏதோ அசைகிறது. குனிந்து பார்த்தால் ஆமைக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. முப்பது அடி தூரத்தில் கடல் இரைகிறது. குஞ்சுகள் தடத்தின் விளிம்பில் ஏறுகின்றன, மணல் சரிகிறது, மல்லாந்து விழுகின்றன, பிறகு நிமிர்ந்து தடத்தோடு வடக்கே நடக்கின்றன. வடக்கே காகங்கள். வலைக்குச் சொந்தக்காரரான எங்கள் சம்மாட்டி ஒன்றும் பேசவில்லை. துடுப்பை எடுத்துவந்து கடற்பக்க விளிம்பை இடித்துச் சரித்தார், வயலுக்கு வாய்க்கால் வெட்டிவிடுவதுபோல. அந்த வழியே ஒவ்வொன்றாக இறங்கின. எண்ணத் தொடங்கினேன், நாற்பதோடு கணக்குத் தவறிவிட்டது. அன்று வலை வளைக்கப் பிந்தியது. அவரைக் கேட்க யாருக்கு வாய் வரும்?

கவனியுங்கள், ஜீப் ஒரு குஞ்சின் மேலும் ஏறவில்லை. அது போய்ப் பன்னிரண்டு மணித்தியாலம். தடம் மட்டும்தான் கிடந்தது. இதை ஓயாமல் சொல்வதால் வீட்டில் எனக்குப் பெயரே ‘தடம்’.

கரை மணலைப் பிடித்துவைக்கும் அடம்பன் கொடிக்கும் இதே கதிதான். சில்லு ஏறினால் கொடி அறும். கொடி அறுந்தால் மணல்மேடு காற்றோடு போகும். 2004 சுனாமியைக் கண்டவர்களுக்கு மணல்மேட்டின் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை.

“கடற்கரை யாருடைய காணி?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இலங்கையின் 1981 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. அங்கே கட்டடம் எழுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். கடலாமைக்கும் அதன் முட்டைக்கும் வனவிலங்குச் சட்டத்தின் காவல் உண்டு. தென்னாபிரிக்கா 2001 இல், பொழுதுபோக்குக்காகக் கரையில் வாகனம் ஓட்டுவதையே தடுத்தது; படகு இறக்குவதற்கென அனுமதித்த இடங்களை விட்டுவைத்தது. அமெரிக்காவின் டேட்டோனா கரையில் ஓட்டலாம், ஆனால் மணிக்கு 10 மைல் வேகத்தில், பகலில் மட்டும். ஆமை கரையேறுவது இரவில் அல்லவா!

எனக்குப் பிடித்தது தென்னாபிரிக்க வழி. தோணி இழுக்கும் உழவு இயந்திரத்தையும் விளையாட்டு ஜீப்பையும் ஒரே தடியால் அடிக்கக்கூடாது. தோணிக்கு ஒரு பாதை போதும்; ஜீப்புக்குக் கரை முழுவதும் வேண்டும்.

அனுமதிப்பத்திரம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: மாலையில் கரைக்குப் போகிறவர்கள் தடம் கண்டால், இருட்டுமுன் கடற்பக்க விளிம்பைக் காலால் சரித்துவிட்டு வாருங்கள். துடுப்புத் தேவையில்லை. வணக்கம்.